கண்ணாடி ஓட்டு வெயில்

என் கணவர் போன பிறகு அக்ரஹாரத்து வீட்டில் நான் தனியாக இருக்கக் கூடாது என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். மைசூரை விட்டு நகரவே மாட்டேன் என்று நானும் நின்றேன். கடைசியில் ஊர் எல்லையில் ஒரு அபார்ட்மென்ட் என்று முடிவானது. பழைய வீட்டை விற்கும் பொறுப்பை ஒரு ஏஜென்டிடம் கொடுத்தோம். கிணற்றில் போட்ட கல்தான். நாமாகக் கூப்பிட்டால் "பார்ட்டி யோசிக்கிறாங்க" என்பார். எந்தப் பார்ட்டி, என்ன யோசனை என்று அவருக்கே தெரியாது. எனக்குப் பொறுமை கிடையாது, ஆளை மாற்றினேன்.

இரண்டாமவர் கொள்ளேகால்காரர். தினமும் மத்தியானம் கூப்பிடுவார். வீடு பார்க்க வந்தவர்கள் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பிப்பார். சமையலறை இருட்டு, வாசல் தெற்குப் பார்த்தது, பாத்ரூம் பழசு. "சங்கடமா இருந்தாலும் சொல்லிப்போடோணுமுங்க. வீடு உங்களுதுங்களே," என்பார். என் சமையலறையை எவனோ இருட்டு என்கிறான், அதை இவர் வேறு போன் போட்டுச் சொல்கிறாரே என்று எரிச்சலாக வரும்.

யாரும் வராத நாளிலும் கூப்பிடுவார். "இன்னைக்கு ஆருமே வரலீங்கம்மா. சன்னலைத் தொறந்து காத்தாட விட்டுட்டுப் பூட்டிட்டேனுங்க." அப்படி ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "அந்தக் கண்ணாடி ஓட்டு வெயிலு சாப்பாட்டு ரூம் வாசப்படிக்கு வந்துருச்சுங்க" என்றார்.

எங்கள் கூடத்துக் கூரையில் மண் ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியே விழும் வெயில் காலையில் சுவரிலிருந்து இறங்கி, சிவப்புத் தரையில் மெல்ல நகர்ந்து வரும். வாசப்படியைத் தொட்டதும் என் கணவர் பேப்பரை மடித்துவிட்டுச் சாப்பிட வருவார். அவர் கடிகாரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு, யார் வந்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால் வெயில் எங்கே என்று கேட்க ஆரம்பித்தேன். அவரும் சலித்துக்கொள்ளாமல் பார்த்துச் சொன்னார். கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பழைய வீட்டுக் கூடத்திலேயே நிற்பேன். காலடியில் தரை வெதுவெதுவென்று இருக்கும். முகம் தெரியாதவர்கள் என்னைக் கவனிக்காமல் அறை அறையாகப் போவார்கள். பேப்பர் புரளும் சத்தம் கூடக் கேட்கும். போனை வைத்ததும் அபார்ட்மென்டில், திரை போட்ட அறையில் கிடப்பேன். வீடு விற்றுவிட்டால் இந்தக் குரலும் நின்றுவிடும், பிறகு எனக்குப் போக்கிடம் ஏது என்று பயமாக இருந்தது. விற்பதற்கு ஆளை வைத்துவிட்டு, விற்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

விற்றது. வாங்கியது ஒரு இளம் ஜோடி. அந்தப் பெண் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு "சென்னாகிதே" என்றாளாம். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த மூச்சிலேயே, "ஓட்டைப் பிரிச்சுத் தளம் போடலாமான்னு அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரரு பேசிக்கிட்டாருங்க, அதையும் சொல்லிப்போடோணும்" என்றார் ஏஜென்ட்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அவரைப் பிடித்தேன். "அந்தக் கண்ணாடி ஓட்டை எடுத்துடறாங்களான்னு தெரிஞ்சா ஒரு போன் பண்ணுங்க."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "இது வரைக்கும் உங்க ஊட்டு சேதிங்க, சொன்னேன். இனி அது அவுங்க ஊட்டு சேதி. நான் சொன்னாத் தப்புங்கம்மா."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயமாக வேறு இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. போய்வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. அவர்தான்.

"சாப்ட்டீங்களாம்மா?"

"ஆச்சு," என்றேன் விறைப்பாக.

"உங்க ஊட்ல வெயிலு இப்ப எங்கீங்க விழுகுது?"

எந்த வீட்டில் என்று கேட்க வாயெடுத்தேன். குடிவந்த நாளிலிருந்து நான் விலக்காத திரை எதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

"இருங்க, பார்த்துச் சொல்றேன்," என்று எழுந்தேன்.