இருபத்திரண்டு சிமிட்டல்கள்

என் மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில் இருந்துகொண்டு அவனியாபுரத்துப் பட்டறை ஒன்றில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயதானபோது, ஆரப்பாளையத்து லாட்ஜில் நடந்த ஏதோ கூட்டத்துக்குப் போய் ஒரு வெள்ளைப் பெட்டியோடு திரும்பினார். அதை பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகிவிடுமாம். அதை விற்கச் சேருகிறவருக்கு ஏரியா மேனேஜர் என்று பெயராம். கழுத்துக்கு ஒரு டையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பட்டறையை விட்டுவிட்டு அதில் சேர்வதா வேண்டாமா என்று மறுநாள் காலைக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு அந்த டை ரொம்பப் பிடித்துவிட்டது.

லாட்ஜில் காட்டிய வித்தையை மாமா வீட்டிலும் செய்தார். ஒரு பழைய மோட்டாரை எக்ஸ்டென்ஷன் போர்டில் ஓடவிட்டு, அந்த போர்டின் ஒயரைக் கிளாம்ப் மீட்டரால் கவ்விப் பிடித்தார். மூன்று ஆம்பியர் காட்டியது. பெட்டியையும் அதே போர்டில் சொருகியதும் ஒன்றரை. நான் கைதட்டினேன். மாமா தட்டவில்லை.

"ஆம்பியர் குறையும் பாப்பா. பில்லு போடுறது வாசல்ல இருக்க மீட்டரு. அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

வாசல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு, கரண்ட் செலவாகச் செலவாகக் கண் சிமிட்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்தோம். மாமா உள்ளே கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்; இரண்டு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று நான் எண்ண வேண்டும்.

மத்தியான வெயிலில் தெரு தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து விமான நிலையத்துக்குத் தாழ இறங்கிய விமானத்தின் நிழல் எங்கள் சுவரைத் தடவிவிட்டுப் போனது. ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போக, அதற்குள் நான் மனதுக்குள் டை கட்டிய மாமாவின் வண்டியில் ஏறி, கிரீஸ் வாடையில்லாத சட்டையைப் பிடித்துக்கொண்டு பசுமலை வரை போய்த் திரும்பினேன். ஆனால் எண்ணிக்கை மட்டும் பிசகவில்லை. பெட்டி இல்லாமல் இருபத்திரண்டு; அதை உள்ளே கேட்கும்படி கத்திச் சொன்னேன். பெட்டியோடும் இருபத்திரண்டு.

"எம்புட்டு பாப்பா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பதினொண்ணு மாமா" என்றேன்.

மோட்டார் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மாமா வெளியே வந்தார். "நல்லா எண்ணுனியா? இன்னொரு தடவ பாக்கலாமா?"

"எதுக்கு மாமா? அதான் எண்ணியாச்சுல்ல."

"அப்பச் சரி" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதைச் சந்தோஷம் என்றே நினைத்தேன்.

மறுநாள் வேலையை விட்டார். சில மாதங்களில், வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். லாட்ஜ் ஆட்கள் போனை எடுக்கவில்லை. பட்டறையில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மாமா வேலை தேடித் திருப்பூருக்குப் போனார். "பாப்பாவுக்கு எண்ணத் தெரியலக்கா, விடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கணக்கில் நான்தான் வகுப்பில் முதல்.

போன வருடம் பேச்சுவாக்கில் சொன்னார்: லாட்ஜிலிருந்து வந்த அன்றே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாராம். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை பல்பும்தானாம்; பில்லைக் குறைக்கிற எதுவும் இல்லையாம். அவருக்குத் தெரியாத எதையும் அந்த மீட்டர் சொல்லியிருக்காது. போகாதீங்க என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும் என்றுதான் என்னை வெயிலில் நிறுத்தியிருக்கிறார். எனக்கோ அவர் சிரித்தால் போதும் என்றிருந்தது.