பால்வாடி டீம்

எங்கள் அத்தை ஒரு கால்பந்து அணிக்கு மேனேஜராக இருந்தாள் என்று சொன்னால் என் அலுவலகத்தில் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர் அது ஏதோ பெண்கள் அணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீசை அரும்பிய பையன்கள் ஆடிய அணி அது. புனேயில், போபோடி ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அந்தச் சந்தின் அணி. தமிழ்ப் பையன்களும் மராட்டிப் பையன்களும் உத்தரப் பிரதேசத்துப் பையன்களும் அதில் கலந்திருந்தார்கள். வீட்டில் யார் என்ன பேசினாலும் மைதானத்தில் திட்டிக்கொள்வதற்கு எல்லாரும் இந்தியைத்தான் வைத்திருந்தார்கள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா தவறிய பிறகு திருச்சியை விட்டு எங்களோடு வந்து இருந்துகொண்டாள். சந்து முனையிலிருந்த பால்வாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கடைசிக் குழந்தையின் அம்மா வந்து சேரும்வரை அவள் வாசல்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரே காலி மைதானம். பையன்கள் அங்கே பந்து ஆடுவார்கள். ஒருநாள் கோல்கீப்பர் பையனை விரலால் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஏதோ சொன்னாள். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்காதே, அடிக்க வருகிறவனின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார், என்றாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பெனால்டியைத் தடுத்துவிட்டான். அதற்குப் பிறகு பையன்கள் ஒவ்வொருவராக வாசல்படிக்கு வர ஆரம்பித்தார்கள். அவளை யாரும் மேனேஜர் ஆக்கவில்லை. பழைய மேனேஜர் மாற்றலாகிப் போன பிறகு, இப்போது யார் என்று போட்டி நடத்துகிறவர்கள் கேட்டபோது, பையன்கள் அவள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

மற்ற அணிகளின் மேனேஜர்கள் டிராக் சூட் போட்டுக்கொண்டு, கோட்டோரமாக ஓடியபடி தொண்டை கிழியக் கத்துவார்கள். அத்தை காட்டன் புடவையில், சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாள். ஆட்டத்துக்கு முன்னால் பையன்களை வட்டமாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வாள். கையை நீட்டச் சொல்லி நகம் வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். எவனாவது தப்பாக ஆடினால் ஒரு விரலை மடக்குவாள். அவன் கோட்டுக்கு ஓடிவந்து, குனிந்து கேட்டுக்கொண்டு, திரும்ப ஓடுவான். எல்லாவற்றையும்விட விசித்திரம், இடைவேளைக்குப் பிறகு அவள் ஆட்களை இடம் மாற்றிவிடுவது. முன்னால் ஆடினவன் பின்னால் போவான். தடுத்துக்கொண்டிருந்தவன் கோல் அடிக்க வருவான். “எல்லாருக்கும் எல்லா இடமும் தெரியணும்” என்பாள். யாரைத் துரத்துவது என்று எதிரணிக்குக் குழம்பிவிடும். நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம்.

ஜெயிக்க ஆரம்பித்ததும் கேலியும் கூடவே வந்தது. தொடங்கிவைத்தவர்கள் ஊரின் மறுகோடியில் இருந்த நிக்டிப் பகுதிக்காரர்கள். வரிசை வரிசையாகக் கட்டிய காலனிகளின் பையன்கள். எல்லாருக்கும் ஒரே சீருடை, ஒரே மாதிரி பை, விசில் தொங்கும் கோச். ரசிகர்கள் டெம்போ நிறைய வந்து இறங்குவார்கள். நீலத் தொப்பி போட்ட ஒருவர் கையில் ஒலிபெருக்கியோடு அவர்களுக்கு முன்னால் நடப்பார். எங்களுக்குப் ‘பால்வாடி டீம்’ என்று பெயர் வைத்தது அவர்தான். ஒரு ஆட்டத்தில் குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, உயரத் தூக்கிக் காட்டி, “தூத் பியோ, தூத் பியோ” என்று பாட, டெம்போ மொத்தமும் சேர்ந்து பாடியது. பாலைக் குடி, பாலைக் குடி. அத்தை பாட்டிலைப் பார்த்துவிட்டு, “மூடி போடாம வச்சிருக்கான், ஈ மொய்க்கும்” என்றாள்.

எங்கள் சந்துக்காரர்களுக்கு ரத்தம் கொதித்தது. உண்மையைச் சொன்னால், வீட்டுக்குள் அவர்களே சொல்லாத எதையும் நிக்டிக்காரர்கள் புதிதாகச் சொல்லிவிடவில்லை. “வீட்டு வேலை அப்படியே கிடக்கு, இவங்க பந்து உருட்டப் போயிட்டாங்க” என்று அம்மாவே முணுமுணுப்பாள். பொம்பளை சொல்லி ஆம்பளைப் பையன்கள் ஆடுவதா என்று குழாயடியிலேயே பேச்சு உண்டு. ஆனால் வெளியாள் சொன்னால் விட முடியுமா. பையா, அதாவது அண்ணன், என்று எல்லாரும் கூப்பிடும் இஸ்திரி வண்டிக்காரர் ஒருமுறை நிக்டிக்காரன் ஒருவனின் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டவனே தான்தான் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் நிக்டிப் பெண்ணோடு பேச்சை நிறுத்தியிருந்தேன்.

எங்களுக்குச் சரியான பதில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அப்பா. அவர் தொழிற்சாலை அணிக்காகப் பல வருடம் ஆடியவர். அந்த ஆட்டத்துக்காகத்தான் அவருக்கு வேலையே கொடுத்தார்கள். முழங்கால் போன பிறகு ஷிப்டு, தூக்கம் என்று ஒதுங்கிவிட்டார். இருந்தாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாபோடி வரைக்கும் அவர் பெயர் தெரியும். தாபோடி டீக்கடை ஒன்றில் நிக்டிக்காரர்கள் அத்தையைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பேருக்குத்தான் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், ப்ளான் எல்லாம் வீட்டில் நான் போட்டுக் கொடுப்பது, என்று இந்தியில் சொன்னார்.

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஒருவர் எழுந்து அப்பாவுக்கு உட்கார இடம் கொடுத்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த எனக்கு ஓர் அடி வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் அப்படி எந்தப் ப்ளானும் போடப்பட்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்பா சொன்ன பிறகு, நான் தூங்கும்போது போடுவார்களாக இருக்கும் என்று தோன்றியது. மறுநாளே அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். சந்து முழுக்க அதையே சொன்னது. பையா ஒரு திங்கட்கிழமை அத்தையிடமே, “தீதி, உங்க தம்பியோட ப்ளான் நேத்து பிரமாதம்” என்று இந்தியில் பாராட்டினார். அத்தை மடித்த துணியை வாங்கிக்கொண்டு, “அச்சா” என்றாள்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் நாங்களும் நிக்டியும் மோதினோம். தாபோடி மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அதற்கு முந்தின நாள் சந்துப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இறுதி ஆட்டம், வெளியாட்கள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள்; அதனால் நாளைக்கு மட்டும் கோட்டோரம் அப்பா நிற்கட்டும், அக்கா பெண்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும். அதைச் சொல்லும் பொறுப்பும் அப்பாவுக்கே வந்தது. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உன்னைக் கேலி பண்றானுங்கக்கா. கேக்கறதுக்கு எங்களுக்குக் கஷ்டமா இருக்கு.”

“சரிடா, நீயே நில்லு” என்றாள் அத்தை. கீரைக்காம்பைக் கிள்ளுகிற விரல்கள் நிற்கவில்லை.

மறுநாள் அப்பா தொழிற்சாலை அணியின் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு கோட்டோரம் நின்றார். “பாஸ் கொடு, பாஸ் கொடு” என்று கத்தினார். அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பையன்கள் பந்தை விட்ட போதெல்லாம் அவரைப் பார்க்காமல், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை கைகளை மடியில் மடக்கிவைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இடைவேளைக்குள் நிக்டி ஒரு கோல் போட்டுவிட்டது.

இடைவேளையில் நீலத் தொப்பிக்காரர் மைதானத்தைச் சுற்றி நேராக எங்களிடமே வந்துவிட்டார். ஒலிபெருக்கியை வாயில் வைத்து, இன்றைக்குப் பால்வாடிக்கு லீவா, டீச்சரை ஏன் ஓரமாக உட்காரவைத்துவிட்டீர்கள் என்று கேட்டார். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பால் பாட்டிலை எடுத்து அத்தையின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

அம்மா எழுந்தாள். புனேவுக்கு வந்து அத்தனை வருடத்தில் காய்கறிக்காரரிடம் பேசுவதைத் தவிர வேறெதற்கும் இந்தியைத் தொடாதவள் அவள். பாட்டிலைப் பறித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, “தும்ஹாரா அம்மா நஹி க்யா?” என்றாள். உனக்கு அம்மா இல்லையா என்று கேட்கிறாளாம். இலக்கணம் எப்படியிருந்தாலும் அந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது. ஒலிபெருக்கியை இறக்கினார். அதற்குள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குழாயடியில் அத்தையைப் பற்றி நீளமாகப் பேசுகிறவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள்.

அப்பா நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் நீலத் தொப்பிக்காரரின் பேச்சு மரியாதையாக மாறிவிட்டது. நீங்கள் ஆட்டக்காரர், உங்களை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, என்றார். பந்து எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களை மேனேஜர் என்று உட்காரவைத்தால் சிரிக்காமல் என்ன செய்வது. உங்கள் அக்கா ஒரே ஒரு பெனால்டி அடித்துக் காட்டட்டும், நாங்கள் பேசாமல் போய்விடுகிறோம். யாரோ ஒரு பந்தை உருட்டிவிட்டார்கள். அது அத்தையின் காலில் வந்து முட்டி நின்றது.

“வேணாங்க்கா” என்றார் அப்பா.

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஏன்டா வேணாம்?”



அத்தை செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினாள். பந்தைக் காலாலேயே தட்டிக்கொண்டு போனாள். அது அவளை விட்டு ஒரு சாண் தூரம்கூட விலகவில்லை. நிக்டி கோல்கீப்பர் இளித்துக்கொண்டே வந்து கம்பங்களுக்கு நடுவே நின்றான். அத்தை பந்தை வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள். சின்னச் சின்ன எட்டாக ஓடினாள். பந்துக்குப் பக்கத்தில் போனதும் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். கோல்கீப்பர் இடது பக்கம் விழுந்தான். அவன் விழுந்த பிறகு, அவசரமே இல்லாமல், வலது பக்கம் தரையோடு தரையாகத் தள்ளிவிட்டாள்.

அந்த நிற்றல் எனக்குத் தெரியும். அப்பா என்னோடு ரப்பர் பந்து ஆடும்போது அப்படித்தான் நின்று அடிப்பார். தொழிற்சாலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த அப்பாவின் உதை அது. பையாவுக்கும் தெரிந்திருந்தது. “அப்படியே தம்பி மாதிரி” என்று அவர்தான் முதலில் கத்தினார். உடனே எல்லாரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். முதுகில் தட்டினார்கள். எத்தனை நாளாக வீட்டில் டிரெய்னிங் என்று கேட்டார்கள். அக்காவையே இப்படித் தயார் பண்ணியிருக்கிறாரே என்றார்கள். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு சிரித்தார்.

அத்தை உள்ளங்கால் மண்ணைத் தட்டிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நேராகக் கோட்டோரம் போய் ஸ்டூலைத் தேடினாள். அதில் அப்பாவின் துண்டு இருந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். விரலை மடக்கினாள். பதினொரு பேரும் ஓடிவந்தார்கள்.

இரண்டாம் பாதியில் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் முன்னால் போய் ஒரு கோல் போட்டான். ஆட்டம் சமமானது. டை பிரேக்கரில் தோற்றோம். நிக்டிக்காரர்கள் கோப்பையை டெம்போ மேல் வைத்துக்கொண்டு ஆடினார்கள். பால் பாட்டு மட்டும் அன்றைக்கு இல்லை. பாட்டில் அம்மாவின் பையில் இருந்தது.

பல வருடம் கழித்து, நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தேன். பொன்மலை ரயில்வே காலனியில் அப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவராம், ஒரு பெரியவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இன்னார் மகள் என்றதும் அவர் விசாரித்தது அப்பாவை இல்லை, அத்தையை. “அவ ஆட்டம் என்ன ஆட்டம் தெரியுமா. நாங்கல்லாம் அவகிட்டதான் கத்துக்கிட்டோம். ஓடி வந்து, நின்னு, ஏமாத்தி அடிப்பா. உங்கப்பன் அப்ப பொடியன், கோல் போஸ்டுக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்கிப் போடுவான். அவ வயசுக்கு வந்ததும் உங்க தாத்தா நிறுத்திட்டாரு. டீம்ல ஒரு ஆள் குறைஞ்சுதுன்னு இவனைச் சேத்துக்கிட்டோம். அக்காவோட கான்வாஸ் ஷூவுக்குள்ள துணியைத் திணிச்சுப் போட்டுக்கிட்டு வருவான். பாவம், அவதான் சாயங்காலத்துல கொல்லைப்பக்கமா நிக்கவச்சுச் சொல்லிக் கொடுத்து ஆளாக்கினா.” அதற்குப் பிறகு அவர் ரசத்துக்குக் கை நீட்டிவிட்டார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டுக்கு நடந்து வந்த வழிதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

தாபோடியிலிருந்து போபோடிக்கு முளா ஆற்றுப் பாலத்தைக் கடந்து வர வேண்டும். அம்மாவும் மற்ற பெண்களும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அத்தையும் நானும். எங்களுக்கு இரண்டடி பின்னால் அப்பா. தோற்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு விவரம் மட்டும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

“அத்தே, அந்த நின்னு அடிக்கிறதை உனக்கு அப்பாதானே சொல்லிக் கொடுத்தார்?” என்று கேட்டேன். பாலத்தில் லாரிச் சத்தம் அதிகம். அதனால் நன்றாகக் கத்தித்தான் கேட்டேன்.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

“ஆமா குட்டி. உங்கப்பாதான்.”

கொஞ்ச தூரம் போன பிறகுதான், பின்னால் செருப்புச் சத்தம் இல்லை என்பதைக் கவனித்தேன். அப்பா பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஆற்றைப் பார்த்தபடி நின்றிருந்தார். அந்த ஆற்றின் நாற்றத்துக்கு அங்கே யாரும் நிற்பதில்லை. மூக்கை மூடிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் போகப் பார்த்தேன். “விடு, வருவான்” என்றாள் அத்தை. நான் கேட்கவில்லை. கோப்பை போய்விட்டது என்று அப்பா இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, “அடுத்த வருஷம் ஜெயிச்சிடலாம்ப்பா” என்றேன்.