எனக்கு நானே கொடுத்த வாடகை

விருப்ப ஓய்வுக் கடிதத்தை எழுதி, நான்காக மடித்து, டைரிக்குள் வைத்திருந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுப்பதாக உத்தேசம். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவர் இறந்த பிறகு அவருடைய கம்பெனியிலேயே கருணை அடிப்படையில் கிடைத்த குமாஸ்தா வேலை. பிள்ளைகள் இல்லை. வயதான காலத்தில் என் கையில் இருப்பதுதான் என்னைக் காப்பாற்ற வேண்டும். அதனால் சேமநல நிதி, பணிக்கொடை இரண்டையும் தபால் நிலையத்தில் போட்டால் என்ன வட்டி வரும், மாதம் என்ன செலவாகும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். மாதக் கடைசியில் கொஞ்சம் மீதியும் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது குறிஞ்சிப்பாடித் தங்கை வாசலில் நின்றிருந்தாள். காப்பி போடுவதற்குள் நோட்டை எடுத்துவிட்டாள்.

“கொசுவத்தி, காணிக்கை, மாசம் ரெண்டு பேனா. ரெண்டு பேனாவ வச்சிகினு என்னாக்கா பண்ணப் போற?”

“டைரி எழுத வேணாமா?”

“கிறிஸ்மஸ் கேக்குக்கு முந்திரி தனியா, திராட்ச தனியாவா? சரிதான்.” பக்கத்தைப் புரட்டினாள். “வாடக எங்க?”

“எந்த வாடகை?”

“குடியிருக்கற வூட்டுக்கு. வேலைய விட்டா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும் இல்ல?”

காப்பியை அவள் முன்னால் வைத்தேன். அவள் நோட்டை விடவில்லை.

“கரண்டு பில்லு?”

“அது சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்க.”

“சம்பளமே இல்லன்னா எதுல பிடிப்பாங்க?”

இருபது வருடமாக ஒரு பைசா விடாமல் செலவு எழுதியவள் நான். ஆனால் கைக்கு வந்த பணத்திலிருந்துதான் எழுதினேன். கைக்கு வருமுன்பே பிடித்துக்கொண்ட எதுவும் என் நோட்டுக்குள் வரவில்லை. இதைவிடக் கேவலம், ஓய்வு பெற்றவர்களுக்குக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை டைப் அடிப்பதே என் வேலை. தங்கைக்கு அது தெரியும்.

“உனக்கான நோட்டீஸ நீயே அடிச்சிகினு வந்துடுவியா, இல்ல தபால்ல வருமா?” என்றாள்.

“குடி, காப்பி ஆறுது.”

“பேசாம எங்கூட்டுக்கு வந்துடுக்கா.”

“வந்தா பேனா வாங்க விடமாட்ட.”

அவள் போன பிறகு வாடகை, மின்சாரம், தண்ணீர் என்று மூன்று வரிகள் சேர்த்துக் கூட்டினேன். மீதி போய், பற்றாக்குறை நின்றது. கடிதத்தைக் கிழித்தேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். மேசைமேல் இரண்டு நோட்டீஸ்கள் காத்திருந்தன. அடித்து முடித்து, மதிய இடைவேளையில் தபால் நிலையம் போய், மாதாமாதம் பணம் கட்டும் ஒரு ஆர்.டி. சேமிப்புக் கணக்குத் தொடங்கினேன். குறிஞ்சிப்பாடியில் ஒரு சிறிய வீட்டுக்கு என்ன வாடகையோ அதே தொகை. நோட்டில் அதற்கு ‘வாடகை’ என்றே தலைப்புப் போட்டேன். ஓய்வு வயது வரும்வரை வேலையை விடவில்லை.

அந்த வருடங்கள் முழுக்கத் தங்கை போன் செய்தால் முதல் கேள்வி ஒன்றுதான்.

“வூட்டுக்காரம்மாவுக்கு வாடக குடுத்துட்டியா?”

“அஞ்சாந்தேதியே குடுத்தாச்சு. ரொம்பக் கறாரான பொம்பள.”