மச்சான் ஓட்டிய என் ஐடி

பிள்ளைகளா, எனக்குக் கால் பிசகி வீட்டில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதையொட்டி வெளியே நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாப்பாடு டெலிவரி செய்கிற நாங்கள் எல்லாரும் அண்ணாமலை நகரில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திக் காத்திருப்போம். ஆர்டர் வந்தால் போன் கத்தும். எடுக்காமல் விட்டால் கம்பெனி ஆப்பில் நம் பெயருக்குள்ள ஐடிக்கு மதிப்பு குறையும். அப்புறம் ஆர்டர் வருவதும் குறைந்துவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். சாப்பிடப் போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர், போனைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு வரும் ஆர்டரை இவர் ஓட்டுவார்.

கால் பிசகிய அன்று என் போனை வாங்கிக்கொண்டவர், நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறீர்களே, பிச்சாவரம் பக்கத்து மீனவர் குடும்பத்துக்காரர், அவர்தான். உறவில்லை, ஆனாலும் நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"நீ படு மச்சான். ஒரு வாரம் ஒம் மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் சுத்துறேன். கஸ்டமர் பயந்தா என்னைக் கேக்காத" என்றார்.

கஸ்டமர் யாரும் பயப்படவில்லை, ஆனால் ஒருவர், ஆப்பில் போட்டோவில் இருப்பவர் வேறு, வந்தவர் வேறு என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார். என் ஐடியை நிறுத்திவிட்டார்கள். கால் ஆறிய பிறகும் ஓட்ட முடியவில்லை. யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்றும் தெரியவில்லை. கடலூர் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஐடி திரும்பக் கிடைத்தால் போதும் என்பதுதான் அப்போது என் நினைப்பு.

விசாரணைக்கு மச்சானும் கூட வந்தார். கம்பெனி வக்கீல் அமைதியாகத்தான் பேசினார். இவர் எங்கள் தொழிலாளி இல்லை, பார்ட்னர். தொழிலாளி என்றால் தானே வந்து வேலை செய்ய வேண்டும். இவர் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பியிருக்கிறார். சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்தான் அப்படிச் செய்வார் என்றார். நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஒத்தாசை எனக்கு எதிராக வந்து நின்றது.

அதிகாரி அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதில் ஆள் அனுப்புற உரிமை அவருக்கு இருக்குன்னா, அனுப்புனதுக்கு ஏன் ஐடிய நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

வக்கீல், கம்பெனியில் கேட்டுச் சொல்வதாக வாய்தா வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மச்சான், "மொதலாளி, ஒரு டீ வாங்கித் தாங்க" என்றார். அன்றைக்கு அதுதான் என் பெயர்.

அடுத்த வாய்தாவுக்கு முன்பே ஐடி திறந்துவிட்டது. கூடவே புது ஏற்பாடு ஒன்றும் வந்தது. வேலைக்கு நடுவில் போன் திடீரென்று முகத்தைக் காட்டச் சொல்லும். அவரவர் முகம்தான் காட்ட வேண்டும். ஐடிதான் வந்துவிட்டதே, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமே என்று கம்பெனி வக்கீல் சொல்லி அனுப்பினார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மறுநாள் மதியம் டீக்கடையில் மச்சான் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் தின்றிருப்பார். அவர் போன் கத்தியது. பழக்கத்தில் நான் கையை நீட்டினேன்.

"ஒம் மூஞ்சிக்கு அது தொறக்காது மச்சான்" என்று சிரித்தபடி எழுந்தார். கையைக் கழுவி, போனுக்கு முகத்தைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஈ மொய்க்காமல் டப்பாவை மூடி வைத்தேன். பிறகு வக்கீலுக்குப் போன் போட்டு, மனுவை வாபஸ் வாங்கவில்லை, நான் தொழிலாளியா பார்ட்னரா என்பது முடிவாகட்டும், வாய்தாவுக்குக் கடலூர் வருகிறேன் என்று சொன்னேன்.