கிணற்றுத் தண்ணீரில் ஒன்பது

கடந்த டிசம்பர் 27ஆம் திகதி, காலை ஒன்பது நாற்பது. இரவெல்லாம் கொட்டிய மழை விட்டு, வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. பள்ளி விடுமுறை. வெளிநாட்டிலிருக்கும் என் மகன் தன் தங்கையின் பிள்ளைகளுக்கு அனுப்பிய, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டிப் பெட்டியை விறாந்தையில் விரித்து வைத்திருந்தோம். பேத்திகள் இருவர். மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவளுக்கு ஏழு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நான் கட்டிய வீடு மகளுக்குச் சீதனமாகி, அதில் இப்போது எனக்கு ஓர் அறை. மருமகன் கெட்டவர் அல்ல; என் சொல்லைக் காதில் போடமாட்டார், அவ்வளவுதான். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் மலசலகூடக் குழி வெட்டியபோது நாடா பிடித்து அளந்தேன். கிணற்றிலிருந்து நாற்பத்திரண்டு அடி. ஐம்பது அடியாவது வேண்டும் என்றேன். எட்டடிக்காக மாமரத்தைத் தறிக்கவா என்று கேட்டுவிட்டு அவர் தன் பாட்டில் வெட்டினார். அந்த எட்டு அடி அன்றிலிருந்து எனக்குச் செரிக்கவே இல்லை.

பிள்ளைகள் முதலில் போத்தலில் கொண்டுவந்த வாவித் தண்ணீரைப் பார்த்தார்கள். வாயைச் சுற்றி மயிர் சுழல நீந்தும் சிறு உயிர்கள். ஒரு துளியில் முப்பத்தொன்று எண்ணினேன். பிறகு நான்தான் கிணற்றுத் தண்ணீர் எடுக்கச் சொன்னேன். மூத்தவள் சொட்டுக்குழாயால் உறிஞ்சி ஒரு துளி வைத்தாள். குனிந்து பார்த்தேன். அதே உருவம், அதே நீச்சல். ஒன்பது.

மருமகன் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைகழுவவும் விடாமல் கூப்பிட்டுக் காட்டினேன். "நாப்பத்திரண்டு அடி எண்டு அண்டைக்கே சொன்னன். இப்ப கண்ணால பாருங்க தம்பி." வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன். எங்கள் கிணற்றில் குடிதண்ணீர் அள்ளும் மூன்று வீட்டுப் பெண்களும் அப்போது கிணற்றடியில் நின்றார்கள். ஒருத்தி நிறைத்த குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மருமகன் மறுநாளே மேசனைக் கூட்டிவந்து குழியை உடைத்து மூடினார். மாமரத்தைத் தறித்து, அந்த இடத்தில் புதிதாக வெட்டுவித்தார். ஐந்து நாள் வேலை. ஐந்து நாளும் நான் நாடாவோடு பக்கத்திலேயே நின்றேன்.

வேலை முடிந்த அன்று மூத்தவள் கிணற்றுத் தண்ணீரை மறுபடி வைத்துப் பார்த்தாள். "அம்மப்பா, இண்டைக்கு ஒண்டையும் காணல்ல."

குழி போனதும் கிணறு தெளிந்துவிட்டது என்று மருமகனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"அது இல்ல அம்மப்பா. அண்டைக்கு வாவித் தண்ணி எடுத்த சொட்டுக்குழாயக் கழுவாமத்தான் எடுத்தன். இண்டைக்குக் கழுவிப்போட்டு எடுத்தன்."

மேசனோடு நின்ற மருமகன் திரும்பினார். கோபப்படவில்லை. "அடி அளந்தீங்க மாமா, பூச்சி எண்ணினீங்க. குழாய ஒருக்காக் கழுவச் சொல்லல்லியே."

மேசன் மறுபக்கம் திரும்பிச் சிரித்தான். மகள் மாத்திரம் சிரிக்கவில்லை. மாமரம் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று வீடுகளுக்கும் போய் விளக்கினேன். தேத்தண்ணீர் தந்தார்கள், தலையாட்டினார்கள். குடத்தோடு ஒருவரும் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் நுணுக்குக்காட்டியைத் தங்கள் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் எட்டிப் பார்த்தால் மூத்தவள் முதலில் குழாயைக் கழுவிக் காட்டுகிறாள். அதுதான் சுடுகிறது.

அந்தக் கண்ணாடிக்குள் நான் தேடியது என் எட்டு அடியை மட்டும்தான் என்பது இன்றைக்கும், கிணற்றடியால் போகும்போதெல்லாம் உறுத்துகிறது. மருமகன் என்னிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. நானாகவே பென்சன் காசை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன், எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். மேசன் கூலி, கல், சீமெந்து, மரம் தறித்த கூலி, எல்லாமாக ரூபா 118,650.