விழுவதற்கு முன்னால் வாங்க வேண்டியது

விழுவதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருளை விற்பது எங்கள் தொழில். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டுதான் வருகிறார்கள்.

ராயப்பேட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பல வருஷமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன்; உட்கார ஒரு ஸ்டூல் உண்டு, அதில் எப்போதும் அட்டைப்பெட்டி இருக்கும். கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் கடையின் முன்பக்கம். பின்பக்கச் சுவர் முழுக்க ஹெல்மெட், முட்டிக்கு பேட், முழங்கைக்கு பேட், மணிக்கட்டுக்குப் பாதுகாப்புப் பட்டை. அந்தச் சுவர் என் பொறுப்பு. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் நன்றாகக் கவலைப்படுவேன். முதலாளி ஜாபர் பாய் அதைப் பார்த்துத்தான் இந்தச் சுவரை என்னிடம் கொடுத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளாக லாங்போர்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்கேட்போர்டையே இழுத்து நீளமாக்கி, பெரிய சக்கரம் மாட்டினால் அதுதான் லாங்போர்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் நின்றால் பார்க்கலாம். பலகை வாங்கவே கையிலிருக்கிற காசு தீர்ந்துவிடும். உடம்பைக் காப்பாற்ற மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் எதை வாங்குவது, எதை விடுவது என்பதுதான் என் தலைவலி. பிள்ளை பெற்றவர்களுக்கும், கடையில் நின்று கால் வீங்கியவர்களுக்கும் சொன்னால் புரியும்.

இதுவும் முட்டிக்குத்தான்

கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நொண்டினான். பேன்ட்டில் முட்டி இருந்த இடத்தில் ஓட்டை. முட்டி பேட் விலையைக் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு துணிப் பட்டையை எடுத்து மேஜையில் போட்டான். மூட்டுவலிக்காரர்கள் மாட்டுவார்களே, மருந்துக்கடையில் கிடைக்கிற இழுபட்டை, அது. "இன்னாக்கா, இதுவும் முட்டிக்குத்தான், அதுவும் முட்டிக்குத்தான். இது எங்க வூட்லயே கீது. எதுக்கு அத்த வாங்கணும்?" என்றான்.

அந்த பேடின் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துத் தரையில் தேய்த்துக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. அவன் கொண்டுவந்த துணியைத் தேய்த்தேன். நின்ற இடத்தில் நின்றது. "ரோடு உன்னைப் பிடிச்சு நிறுத்திச்சுன்னா தோல் போயிடும்ப்பா. வழுக்கி வுட்டாத்தான் நல்லது. உங்க வீட்டுப் பட்டை வலிக்கு, விழறதுக்கு இல்ல" என்றேன். கூட வந்தவன் சிரித்தான். நொண்டியவன் துணிப் பட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான்: "கரீட்டுதான்க்கா. எங்க நைனா இத்த போட்டுக்கினு மாடி ஏறுறாரு. அவரு ஒரு நாளும் வுழுந்ததே இல்ல!"

முதலில் தலை

ஒரு திங்கட்கிழமை, பள்ளி திறக்கிற சமயம், கடையில் கால் வைக்க இடமில்லை. அமலி என்கிற அம்மாவும் அவள் மகள் ஜெனியும் வந்தார்கள். அமலி அடையாறில் தெருவோரம் மீன் விற்கிறவள். ஜெனிக்குப் பதினாலு வயசு இருக்கும். குளித்த ஈரத்தோடு முடியைச் சுருட்டிப் பின்னால் பெரிய கொண்டையாகப் போட்டிருந்தாள். கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கோச் அவளுக்குத் தன் பழைய லாங்போர்டைக் கொடுத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரை மலைச்சாலைக்கு அழைத்துப் போகிறாராம். சரிவில் இறங்குவது ஜெனிக்கு அதுதான் முதல் தடவை. ஹெல்மெட் இல்லாதவர்கள் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

அமலி வலைப்பையில் தொங்கிய செட்டைக் காட்டினாள். ஹெல்மெட், முட்டி, முழங்கை எல்லாம் சேர்த்து ஒரு விலை. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். அந்த ஹெல்மெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகும். பூங்காவில் சுற்றுகிற சின்னப் பிள்ளைக்கு அது போதும், மலைக்கு ஆகாது. "இருக்கிற காசு மொத்தத்தையும் தலைக்குப் போடும்மா. கைக்கு, இரும்புக் கடையில வெல்டிங் வேலைக்கு விக்கிற தோல் கையுறை வாங்கு. வீட்டுல காய் நறுக்கற பிளாஸ்டிக் பலகை இருந்தா வட்டமா வெட்டி உள்ளங்கையில ஒட்டிக் கொடு. ரோட்டுல கை ஊணுனா வழுக்கும். முட்டிக்கும் முழங்கைக்கும் கோச்சுகிட்ட இரவல் கேளு. தலைக்கு மட்டும் இரவல் வேணாம்" என்றேன். பக்கத்தில் நின்ற பாய் காதோடு காதாக, "நம்ம கடையில நின்னுக்கிட்டு இரும்புக் கடைக்கு ஆள் அனுப்புறீங்களே" என்று முனகினார்.

நல்ல கம்பெனி ஹெல்மெட் ஒன்று, கறுப்பு நிறம், பெரிய சைஸ், பழைய சரக்கு என்பதால் விலை குறைத்து வைத்திருந்தோம். ஜெனிக்கு மாட்டி வாரைப் பூட்டி, தலையை ஆட்டச் சொன்னேன். அசையவில்லை. எனக்குப் பின்னால் நாலு பேர் ஷூ கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். பில் போட்டுவிட்டேன். அமலிக்கு ஒரே சந்தோஷம். போகும்போது மகளின் தலையில் ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள். "பெரிய சைஸே ஆச்சு. கண்ணாலம் வரைக்கும் இத்தயே போட்டுக்கோ!"

வளர்கிற பிள்ளை

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம், அபிராமபுரத்திலிருந்து ஒரு மாமி பத்து வயசுப் பையனோடு வந்தார். பையனுக்குச் சரியான ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். மாமி அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை என்றதும் முகம் சுருங்கியது. "ரெண்டு விரக்கடை எடம் விட்டுக் கொடுங்கோ. போன வருஷம் வாங்கின ஷூ இப்பவே பத்தலை. வருஷா வருஷம் வாங்கிண்டா இருக்க முடியும்?"

இது நான் தினமும் கேட்கிற பேச்சு. யூனிஃபார்ம் பெரிசு, ஷூ பெரிசு, மழைக்கோட்டு பெரிசு. நம் ஊரில் பிள்ளைகளுக்கு எதையுமே இந்த வருஷத்துக்கு வாங்குவதில்லை. மூன்று வருஷம் கழித்து வரப்போகிற பிள்ளைக்குத்தான் வாங்குகிறோம். நானும் என் பிள்ளைக்கு அப்படித்தான் வாங்கினேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹெல்மெட் இன்றைக்குப் பொருந்தினால்தான் ஹெல்மெட். "கால் வளரும் மாமி. தலை அந்த மாதிரி வளராது" என்றேன். மாமி விடுவாரா? "தலை வளராட்டாப் போறது. முடி வளருமோல்லியோ?"

வித்த சரக்கு

மாமி சிரித்தார், பையன் சிரித்தான். முடி என்றதும் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை ஜெனி கொண்டை போட்டிருந்தாள். ஹெல்மெட்டின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது அவள் தலை இல்லை, கொண்டை. அவிழ்த்துப் பின்னிவிட்டால் உள்ளே இன்னொரு தலைக்கு இடமிருக்கும். முடியை அவிழ்க்கச் சொல்லி அளவு பார்ப்பது இந்தச் சுவரில் நான் முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். அதைத்தான் விட்டிருக்கிறேன். நாளை மறுநாள் அந்தப் பெண் மலையிலிருந்து இறங்கப்போகிறாள். அமலியின் போன் நம்பர்கூட எங்களிடம் இல்லை.

பாயிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தானே சுவரிலிருந்து அடுத்த சின்ன சைஸ் ஒன்றை எடுத்தார். அந்த சைஸில் மஞ்சள் நிறம் மட்டும்தான் இருந்தது. அது விலை கூடியது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "வித்த சரக்கைத் துரத்திக்கிட்டுப் போற ஆளை இப்பத்தான் பாக்குறேன். நாளைக்குக் கடைக்கு வர வேணாம், வீட்டுலேருந்து நேரா அடையாறு போங்க."

துண்டு

ஆதம்பாக்கத்து வீட்டிலிருந்து சனிக்கிழமை காலை பஸ் பிடித்தேன். அடையாறில் மீன் விற்கிற அமலி என்றால் எத்தனை பேர்! முதலில் கேட்ட இடத்தில் இருந்தவள் வேறு அமலி. இரண்டாவது இடத்தில், வழி சொன்ன மரியாதைக்கு அரைக் கிலோ சங்கரா மீன் வாங்க வேண்டியதாயிற்று. மூன்றாவது தெருமுனையில் பெரிய குடைக்கு அடியில் நம் அமலி கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். என் கையில் ஹெல்மெட் பையைப் பார்த்ததும், "இன்னாக்கா, கடைய மூடிட்டாங்களா? தெருத்தெருவா விக்கிறியே!" என்றாள்.

தப்பு என்னுடையது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். கொண்டையைச் சொன்னேன், மலையைச் சொன்னேன். அவள் வஞ்சரத்தைத் துண்டு போடுவதை நிறுத்தவே இல்லை. "இத்துக்கா இம்மாந் தூரம் வந்த? அது அன்னிக்கே சொல்லிச்சு, லூசா கீதும்மான்னு. நாந்தான் துண்ட மடிச்சி உள்ள வெச்சிக்கோடின்னேன். வளர்ற பொண்ணுதான?"

மெட்ரோ மஞ்சள்

ஆள் அனுப்பி ஜெனியை வரவழைத்தாள். முடியை ஒற்றைச் சடையாகப் பின்னியிருந்தாள். கறுப்பு ஹெல்மெட் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி, தன் பேரையும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தாள். மஞ்சளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். "அய்யே, வேணாம்க்கா. இத்த போட்டுக்கினு போனா, மெட்ரோவுக்குக் குழி தோண்ட வந்தியான்னு கேப்பாங்க. எனக்கு இதுவே நல்லா கீது. துண்டு வெச்சா டைட்டாதான் இருக்குது."

அவளோடு வாதாடாமல், துண்டோடே மாட்டச் சொல்லி, வாரைப் பூட்டினேன். அமலியிடம், "நெத்திக்கு நேரா ஒரு விரலை வெச்சு மேலே தள்ளு. மெதுவாத் தள்ளினாப் போதும்" என்றேன். அமலி மீன் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு விரலால் தள்ளினாள். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. ஹெல்மெட் அப்படியே பின்னால் சாய்ந்து பிடரிக்குப் போயிற்று. நெற்றி முழுசும் வெறுமையாக வெயிலில் தெரிந்தது. வார் மட்டும் கழுத்தில் இறுகி நின்றது. அமலியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவசர அவசரமாக வாரை அவிழ்க்கப் பார்த்தாள். பூட்டு வரவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

மஞ்சளை மாட்டினேன். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம், தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல். அமலி இப்போது இரண்டு கையாலும் தள்ளினாள். ஹெல்மெட் போகவில்லை, ஜெனிதான் பின்னால் போனாள். ஜெனி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அமலி கறுப்பு ஹெல்மெட்டைத் தூக்கி என் பைக்குள் போட்டு, பையை என் கையில் திணித்தாள். "எவன் கேட்டாலும், ஆமா, குழி தோண்டத்தான் வந்தேன்னு சொல்லு. மஞ்சள போடலன்னா மலையும் இல்ல, பலகையும் இல்ல."

உடைந்த சரக்கு

ஞாயிற்றுக்கிழமை குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். திங்கட்கிழமை வாசலில் யார் நிழல் விழுந்தாலும் திரும்பிப் பார்த்தேன். அளவு சரியாகத்தானே இருந்தது, வாரை அவளே பூட்டத் தெரிந்திருக்குமா, பாதி வழியில் மஞ்சளைக் கழற்றிப் பையில் போட்டிருப்பாளோ என்று யோசித்து யோசித்து, ஒரு பையனுக்கு இரண்டும் இடது கால் ஷூவாகக் கொடுத்து அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அமலி வந்தாள். வந்த வேகத்தில் மஞ்சள் ஹெல்மெட்டை மேஜையில் தொப்பென்று வைத்தாள். கடையே திரும்பிப் பார்த்தது. "இன்னா சரக்கு விக்கிற நீ? வளைவுல ஒரே ஒரு தபா வுழுந்தா. ஒரே தபா! பாரு, ரெண்டா பொளந்துகிச்சு. இத்தக் குடுக்கவா பஸ்சு ஏறி வந்த?"

ஹெல்மெட்டைத் திருப்பினேன். நெற்றிக்கு மேலே, விளிம்பிலிருந்து காற்றோட்ட ஓட்டை வரைக்கும் விரல் நுழைகிற விரிசல். உள்ளே வெள்ளைத் தெர்மோகோல் அமுங்கி நொறுங்கியிருந்தது. சனிக்கிழமை, கறுப்பு ஹெல்மெட் நழுவி வெறுமையாகத் தெரிந்ததே, அதே இடம். அமலிக்குப் பின்னாலிருந்து ஜெனி எட்டிப் பார்த்தாள். முழங்கையில் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். அவளை இழுத்து, நெற்றியைத் தடவிப் பார்த்தேன். முடியை விலக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. "கூசுதுக்கா" என்று நெளிந்தாள்.

அடி வாங்கி நொறுங்குவதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், ஒரு தடவை நொறுங்கியதை மறுபடி போடக்கூடாது என்றெல்லாம் பாய் பிறகு பொறுமையாக அமலிக்கு விளக்கி, கையிலிருப்பதைக் கொடுத்தால் போதும் என்று இன்னொன்றை எடுத்தும் கொடுத்தார். அந்த நிமிஷம் நான் ஸ்டூலில் இருந்த அட்டைப்பெட்டியைக் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அமலி பயந்துபோய் மேஜையைச் சுற்றி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "அய்ய, அழுவாதக்கா! மாத்திக் குடுக்கலன்னா போ, நான் இன்னா அடிக்கவா வந்தேன்?"

பொருள் உடைந்து, ஆள் உடையாமல் நேரில் வந்து சண்டை போட்டால், எங்கள் தொழிலில் அதற்குப் பேர்தான் நல்ல வியாபாரம்.