பெவ்ரோனியா வீட்டைப் பெயர்த்த கதை

சூப் வைக்கும்போது பெவ்ரோனியா பானையை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பமாட்டாள். நிரப்பினால் ஏரிப் பக்கமாக வழிந்து, அடுப்பெல்லாம் தீய்ந்து நாறும். பானையின் மேல் குற்றமில்லை. வீடே ஏரிப் பக்கம் சாய்ந்து நின்றது. கதவு கோடையில் மூடாது, குளிர்காலத்தில் திறக்காது. அவள் புருஷன் கவ்ரீல் வருஷாவருஷம் ஜாக்கி வைத்துச் சுவரைத் தூக்கி, அடியில் கட்டை செருகுவான். "இப்ப நேராயிடுச்சு பாரு" என்பான். அடுத்த கோடையில் வேறொரு மூலை இறங்கியிருக்கும்.

மண்ணுக்கடியில் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் வடக்குச் சீமையில், லேனா ஆற்றுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில்தான் அவள் பிறந்தாள். அங்கேயே கூட்டுப் பண்ணையில் பால் கறந்தாள், அங்கேயே கட்டிக்கொண்டாள். அரசாங்கம் பண்ணையைக் கலைத்தபோது பங்காகக் கிடைத்த மாடுகளைப் பெருக்கி ஒரு தொழுவமாக்கினாள். ஒரு பேச்சை இரண்டாம் தடவை பேசப் பிடிக்காதவள். கவ்ரீலிடம் மட்டும் ஒரே பேச்சை வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தாள்: "வேற இடம் போயிடலாம்."

கவ்ரீல் மரவீடு கட்டுவதில் கெட்டிக்காரன். கல்யாணமான புதிதில் மனையில் இருந்த லார்ச் என்ற ஊசியிலை மரங்களையெல்லாம் வெட்டி, தரையை மூடியிருந்த பாசியைப் பாய்போலச் சுருட்டி எறிந்து, உருளைக்கிழங்கு போட்டான். சில வருஷம் கிழங்கு முஷ்டி முஷ்டியாக விளைந்தது. பிறகு முற்றம் அங்கங்கே உள்வாங்கியது. பள்ளம், மேடு, பள்ளம் என்று, படுத்திருக்கும் மாட்டு மந்தையின் முதுகுபோல ஆனது. மண்ணுக்கடியில் சுவர் சுவராகப் பழைய பனிக்கட்டி. மர நிழலும் பாசியும் போர்வையாக இருந்தவரை அது உறங்கிக்கொண்டிருந்தது. போர்வையை உருவியதும் வெயில் ஆழத்துக்கு இறங்கியது. கட்டி கரைந்த இடத்தில் மேல்மண் உட்கார்ந்தது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடேறி, அடியில் இருந்ததை இன்னும் கரைத்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், கவ்ரீலுக்கும் தெரியும். ஆனால் தன் முற்றம் என்று வந்தால் மட்டும் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவான்.

"கொட்டு, கொட்டு. பூமிக்குப் பசி அடங்கவா போகுது!" என்பாள் அவள்.

"எல்லாம் என் தப்புதானா? காலு சில்லுனு இருக்கு, வீட்டுக்கடியில காத்து வராம பலகை அடின்னு கேட்டது யாரு? அடைச்சதால வீட்டுச் சூடுதான் கீழ இறங்குது!"

அதுவும் உண்மைதான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் இரண்டு மடங்காகும்.

தீவனப் புல் அறுப்பு நேரத்தில் ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு காலை, தொழுவத்துக்குப் பின்னால் மாடு அலறும் சத்தம் கேட்டு ஓடினாள். புல்தரை பிளந்து, சினை மாடு பின்னங்கால்கள் உள்ளே போய்ச் சேற்றில் மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த அவள் தம்பி ஸ்பிரிதோன் டிராக்டரோடு வந்தான். வந்த வேகத்தில் டிராக்டரின் ஒரு சக்கரமும் இறங்கிவிட்டது.

"அக்கா, முதல்ல மாட்டை இழுக்கவா, என்னை இழுக்கவா?"

"வாயை மூடிட்டுக் கயித்தைப் போடுடா!"

பலகை போட்டு, வயிற்றில் கயிறு கட்டி, தெருவே சேர்ந்து இழுத்தது. மாடு பிழைத்தது. எல்லோரும் மூச்சு வாங்கும்போது பெவ்ரோனியா குழிக்குள் எட்டிப் பார்த்தாள். கன்னங்கரேலென்ற பனிக்கட்டிச் சுவர், பளபளவென்று சொட்டிக்கொண்டிருந்தது. அது நேராக வீட்டுக்கடியில் போனது.

"இது மேலதான் நாம படுத்துத் தூங்குறோம்" என்றாள். அப்போது குரலில் கோபம்கூட இல்லை. கவ்ரீல் அதற்குத்தான் பயந்தான். இருந்தும், "என் கையால கட்டின வீட்டைப் பிரிக்கமாட்டேன்" என்றான்.

அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பாத்திரங்களைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். ஏணி போட்டு ஏறி, கரித்துண்டால் சுவர்க் கட்டைகளில் அடையாளம் போட ஆரம்பித்தாள். கவ்ரீல் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு பொறுக்க முடியவில்லை.

"ஏய், மேலேருந்தா போடுவாங்க? மூலை மாறினா திரும்ப எப்படி அடுக்குறது?"

"எனக்கென்ன தெரியும், நான் பால்காரி."

"இறங்கு கீழே!" என்று கரியைப் பிடுங்கிக்கொண்டான்.

பனி விழுவதற்குள் ஏரிக்கு அப்பால், அடியில் பனிக்கட்டி அதிகம் இல்லாத மணல் மேட்டில் வீடு எழுந்தது. இந்தத் தடவை உயரமான கால்கள்மேல், அடியில் குளிர்காற்று தாராளமாக ஓடும்படி. சுற்றியிருந்த மரங்களில் ஒன்றைக்கூட அவள் தொடவிடவில்லை. அதனால் கிழங்குத் தோட்டம் போயிற்று. கிழங்கைக் கடையில் வாங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். குளிர்காலம் முழுக்கத் தரை ஐஸாக இருந்தது. கம்பளி பூட்ஸைக் கழற்றாமலே சமைத்தாள். திட்டினாள், ஆனால் பலகை அடிக்கச் சொல்லவில்லை.

வசந்தத்தில் பழைய மனையின் பள்ளங்கள் ஒன்றுசேர்ந்து குளமாகிவிட்டன. ஒரு நாள் கவ்ரீல் துப்பாக்கியோடு போய், இரண்டு வாத்துகளோடு திரும்பினான்.

"எங்க சுட்ட?"

"நம்ம பழைய இடத்துலதான்."

"சமையலறையிலயா, படுக்கையறையிலயா?"

கவ்ரீல் யோசித்தான். "ஒண்ணு தொழுவத்துல. இன்னொண்ணு... படுக்கையறைப் பக்கம்."

அவள் பெருமூச்சு விட்டு, வாத்துகளை வாங்கி, முணுமுணுத்தபடியே இறகு பிடுங்க உட்கார்ந்தாள்.